அரங்கன் பெயரில் எழுதப்படும் ஆவணம்

இந்தியா முழுவதும் ஒப்பந்தங்களை ஆள்வது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே என்றாலும், ஒரு பத்திரம் செல்லுமா செல்லாதா என்பது பல நேரங்களில் அது எந்த மாநிலத்து மண்ணைப் பற்றி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், நடுவண் அரசும் மாநில அரசும் ஒருங்கே சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலின் 7-ஆம் பதிவாக ஒப்பந்தங்கள் இடம்பெறுகின்றன. ஆயினும் அந்தப் பதிவே வேளாண் நிலம் பற்றிய ஒப்பந்தங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிடுகிறது. அதே பட்டியலின் 28-ஆம் பதிவு அறநிலையங்களையும் சமய நிறுவனங்களையும் குறிக்கிறது. இவ்விரு பதிவுகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கோயில் நிலம் இருக்கிறது. ஆகவே கோயில் நிலத்தை வாங்குவோரும் விற்போரும் குத்தகைக்கு எடுப்போரும் நாட்டுக்குப் பொதுவான சட்டத்தைப் படித்து முடித்த பின்னும் பாதி வழியே வந்திருப்பார்கள். மீதி வழி அந்தந்த மாநிலம் தனக்கென வகுத்துக்கொண்ட தனிவிதிகளின் ஊடே செல்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காவிரியே சான்று. மரபு ஆதிரங்கம் என்று போற்றும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும், அந்த்யரங்கமாகிய திருவரங்கத்திலும், ஒரே ஆற்றின் இரு தீவுகளில், அரவணை மேல் ஒரே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார் என்பது வைணவர் துணிபு. ஆனால் முன்னது இருக்கும் கர்நாடகம் 1997-இல் தன் கோயில்களுக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது. பின்னது இருக்கும் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டமாகிய இந்து சமய மற்றும் அறக்கொடைகள் சட்டம் நடப்பில் உள்ளது. பரம்பொருள் ஒன்று என்று கொண்டால், அதன் உடைமையைப் பற்றிய விதி ஒரு மாநில எல்லையைக் கடந்ததும் மாறுவது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி எழுகிறது. வழக்கறிஞருக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. சமயச் சிந்தனையாளருக்கோ இந்தக் கேள்வி இன்னொன்றை உடன் அழைத்து வருகிறது: தெய்வம் உண்மையாகவே ஒரு பொருளுக்கு உடைமையாளராக இருக்க முடியுமா, இருந்தால் பேசாத அந்த உடைமையாளருக்காக யார் பேசுவது?

ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உரிய வயதும் தெளிந்த மனமும் உடையவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்கிறது. வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதை 1903-இல் மோஹரி பீபி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில், அதாவது அன்றைய இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த அவை, உறுதிசெய்தது. கோயில் தெய்வத்தை நீதிமன்றங்கள் பெரும்பாலும் இந்த வயது நிரம்பாதவரின் இடத்திலேயே வைத்துப் பார்த்துவந்துள்ளன: தெய்வத்துக்குச் சொத்து உண்டு, வழக்காடும் உரிமை உண்டு, ஆனால் தானே செயல்படும் ஆற்றல் இல்லை; ஆகையால் அறங்காவலர் ஒருவர் அதன் சார்பில் நிற்க வேண்டும், அவரே அதன் நலனுக்கு மாறாக நடந்தால் அடியார் ஒருவர் முன்வந்து வழக்கிடலாம். 1967-இல் உச்ச நீதிமன்றம் விஸ்வநாத் எதிர் ராதா வல்லப்ஜி வழக்கில் இந்த நிலையைத் தெளிவாக எடுத்துரைத்தது. உலகனைத்தையும் உண்டு உமிழ்ந்தவன் என்று ஆழ்வார்கள் பாடிய, திருவரங்கத்து மூலவரான பெரிய பெருமாளை வயது நிரம்பாத பிள்ளை என்று எழுதும் தீர்ப்பைப் படிக்கும் திருவரங்கத்து வைணவர் முகஞ்சுளிப்பது இயல்பே. ஆனால் அந்த முகச்சுளிப்பு அவசரப்பட்டது என்று கருதவும் இடமிருக்கிறது. அது ஏன் என்பதைச் சற்றுப் பின்னே காணலாம்.

தெய்வத்துக்கு உடைமை உண்டா என்ற கேள்வியை ஆங்கிலேய நீதிபதிகள் கொண்டுவரவில்லை. வேதத்தின் கடமைப் பகுதியை ஆராயும் தத்துவமாகிய மீமாம்சையில் அது மிகப் பழைய கேள்வி. ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர், ஒன்பதாம் அத்தியாயத்தில் தெய்வங்களைப் பற்றி ஆராயுமிடத்தில், தெய்வத்துக்கு உடல் இல்லை, அது உண்பதில்லை, ஒரு பொருளைத் தன் விருப்பப்படி கையாள்வதும் இல்லை என்று வாதிடுகிறார். ஒரு பொருளை விரும்பியவாறு பயன்படுத்துவோரே அதற்கு உடையவர். தெய்வம் ஊரையோ வயலையோ அவ்வாறு பயன்படுத்தக் காண்பதில்லை. ஆகவே தேவனுடைய ஊர், தேவனுடைய வயல் என்று மக்கள் சொல்வது உபசார வழக்கு, அதாவது நேர்ப்பொருளில் அல்லாமல் மரியாதைக்காகச் சொல்லப்படுவது என்பது அவர் முடிவு. வேள்வியில் தெய்வத்தின் பெயர் போதும், தெய்வம் வந்து பெற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது மீமாம்சகர் கொள்கையாதலால், தெய்வத்தின் உடைமையையும் அவர் பெயரளவில் நிறுத்தியதில் முரண் எதுவுமில்லை.

விந்தை என்னவென்றால், மீமாம்சையைப் பெரும்பாலும் அறியாத வருமானவரித் துறையின் வழக்கொன்று ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நின்றது. வங்காளத்துக் குடும்பத் தெய்வங்களுக்கு வரி விதிக்கலாமா என்று எழுந்த யோகேந்திரநாத் நஸ்கர் வழக்கில், 1969-இல் உச்ச நீதிமன்றம் தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபரே என்று கூறியது. அதேவேளையில், சொத்து அந்தத் தெய்வத்தைச் சார்வது கருத்தளவிலான ஒரு பொருளில்தான் என்றும், தானம் செய்தவரின் அறநோக்கமே தெய்வ வடிவில் சட்டப்பூர்வமான ஆளாக நிற்கிறது என்றும் விளக்கியது. சபரர் உடைமையை மறுப்பதற்குச் சொன்ன காரணத்தையே நீதிமன்றம் உடைமையை ஒப்புக்கொள்வதற்கான விளக்கமாக மாற்றிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது. இருவருக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு: சபரருக்கு அந்த உபசாரத்தால் நடைமுறைப் பயன் ஏதும் இல்லை, நீதிமன்றத்துக்கோ அந்த உபசாரம் வரி விதிக்கவும் வழக்கைப் பதிவுசெய்யவும் உதவுகிறது.

திருவரங்கத்தின் சம்பிரதாயம் இந்த இரண்டையும் ஏற்காது. இராமாநுசரின் வேதாந்தத்தில், அறிவுள்ள உயிர்களும் அறிவற்ற பொருள்களும் இறைவனுக்குச் சேஷம், அதாவது அவனுக்கென்றே இருப்பவை. அவனே சேஷி, அதாவது அவற்றின் உரிமையாளன். ஒரு பொருள் இன்னொருவருக்கு மேன்மை சேர்ப்பதற்காகவே இருக்குமானால் அது அவருக்குச் சேஷம் என்பது அந்த மரபின் இலக்கணம். இந்த நிலைப்பாட்டிலிருந்து பார்த்தால் கோயிலுக்கு நிலம் எழுதிவைப்பது தானமே ஆகாது. ஏற்கெனவே அவனுடையதாக இருப்பதை, தன்னுடையது என்று எண்ணியிருந்த மயக்கம் நீங்கித் திரும்ப ஒப்படைப்பது மட்டுமே ஆகும். ஒப்பந்தச் சட்டத்தின் மொழியில் சொன்னால், அதற்குக் கைம்மாறு என்று எதையும் கேட்க எழுதுபவருக்கு உரிமையில்லை. சபரர் தெய்வத்தின் உடைமையை உபசாரம் என்றார். இம்மரபோ மனிதனின் உடைமையையே உபசாரம் என்கிறது.

அவ்வாறு அனைத்தையும் உடையவன் ஏன் அறங்காவலரின் கையை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதற்கும் அந்த மரபில் விடையுண்டு. இறைவன் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து நிலைகளில் இருக்கிறான் என்பர். வைகுந்தத்தில் இருப்பது பரம், பாற்கடலில் இருப்பது வியூகம், இராமனாகவும் கண்ணனாகவும் பிறந்தது விபவம், உயிருக்குள் உயிராக இருப்பது அந்தர்யாமி, கோயில் திருமேனியாக எழுந்தருளியிருப்பது அர்ச்சை. இவற்றுள் அர்ச்சைக்கு மட்டும் இடம், காலம், அணுகுவோரின் தகுதி ஆகிய வரம்புகள் இல்லை என்று வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் தத்துவத்திரயத்தில் விளக்குகிறார். கூரத்தாழ்வானின் திருமகனும் இராமாநுசருக்குப் பின் திருவரங்கத்தில் தலைமை ஏற்றவருமான பராசர பட்டர், ஸ்ரீரங்கராஜஸ்தவத்தில், அர்ச்சையில் இறைவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, தன் நீராட்டமும் உணவும் உறக்கமும் அர்ச்சகரின் வசமாகும்படி தன்னை அமைத்துக்கொள்கிறான் என்ற கருத்தை வியந்து பாடுகிறார். பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் இந்த நிலை அவன் இயலாமையால் வந்ததல்ல, எளிமையால் அவனே விரும்பி ஏற்றது. ஆக, தீர்ப்பு எழுதிய நீதிபதியும் ஸ்தவம் பாடிய பட்டரும் ஒரே காட்சியைத்தான் காண்கிறார்கள்: பெருமாள் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிறார். முன்னவர் அதை ஆற்றல் இன்மை என்று பெயரிடுகிறார், பின்னவர் அருள் என்கிறார். வைணவரின் முகச்சுளிப்பு அவசரப்பட்டது என்று மேலே சொன்னது இதனால்தான்.

முற்காலத்து ஆவணங்கள் இந்தத் தத்துவத்தை வாதமாகச் சொல்லவில்லை, ஷரத்துகளாக எழுதின. திருவரங்கம் கோயிலின் மதில்களிலும் தூண்களிலும் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம் முதலாக வெட்டப்பட்ட கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி தொகுத்துத் தருகிறது. திருமால் கோயிலுக்கு விடப்பட்ட நிலம் திருவிடையாட்டம் என்றும், சிவன் கோயிலுக்கு விடப்பட்டது தேவதானம் என்றும் வழங்கின. சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை இந்தத் தருமம் நடக்க வேண்டும் என்று காலவரையறை எழுதப்பட்டது. வைணவக் கோயில் ஆவணம் ஸ்ரீவைஷ்ணவர்களின் காப்பிலும், சைவக் கோயில் ஆவணம் பன்மாகேசுவரர்களின் காப்பிலும் விடப்பட்டது. தருமத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பதுபோன்ற சாபம் இறுதியில் வந்தது. இன்றைய பத்திரத்தில் தண்டத்தொகை, நீதிமன்ற எல்லை, நடுவர் தீர்ப்பு என்று வரும் கடைசிப் பகுதி செய்யும் வேலையை அன்று அந்தச் சாபம் செய்தது. நீதிமன்ற எல்லையைக் கடந்து மறுபிறவி வரை நீளும் அதிகாரம் அதற்கு இருந்தது என்பதே வேறுபாடு.

சோழநாட்டு விளக்குத் தானங்களில் வரும் சாவா மூவாப் பேராடு இதனினும் நுட்பமான ஷரத்து. அணையா விளக்கான நந்தாவிளக்கு ஒன்றுக்கு நெய் வழங்க 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடு வகுத்திருந்தனர். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் குறிப்பிட்ட அளவு நெய்யை, கோயிலுக்கென வைத்திருந்த முகவையால் அளந்து கொடுக்க வேண்டும். அவர் தவறினால் பொறுப்பேற்பதற்கு உறவினர் பிணை நின்றனர். ஆடு சாகும், மூப்படையும் என்பது எவருக்கும் தெரியும். ஆயினும் ஆவணத்தின் கண்ணில் அந்த மந்தை சாகாது, மூப்படையாது. குட்டிகள் இறந்தவற்றின் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை 96-இலேயே நிற்கும். தெய்வத்துக்குச் சட்டம் ஆளுருவம் கொடுத்தது ஐரோப்பியரின் கற்பனை என்று சிலர் குறைகூறுவதுண்டு. ஆட்டு மந்தைக்கே இறவாமையைப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்த மண்ணில் அந்தக் குறை நிலைக்காது.

சைவக் கோயில்கள் தெய்வத்துக்காகக் கையெழுத்திடுபவரையும் தெய்வக் கூட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டன. கோயில் நிலத்தை விற்கும்போதும் வாங்கும்போதும் ஆதிதாசரான சண்டேசுவரரின் பெயரால் ஆவணம் எழுதுவது சோழர் காலத்தில் பரவலாக இருந்தது. இறைவன் நேரில் பேரம் பேசுவதில்லை. முதல் அடியாரே அவனுக்காக வாங்குகிறார், விற்கிறார், குத்தகைக்கு விடுகிறார். இந்த ஏற்பாட்டில் முதலாளியும் முகவரும் இருவருமே கண்ணால் காணும் மனிதர்கள் அல்லர் என்பதால், ஓலையை உண்மையில் எழுதிய கோயில் கணக்கரும் ஊர்ச்சபையாரும் எவ்வளவு பொறுப்புடன் நடந்தனர் என்பதே இறுதியில் எஞ்சும் கேள்வி. திருச்சிராப்பள்ளி மலையின் மேல் குகைவரையில் மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே சென்று, சிவன் காவிரியைக் காண விரும்பியதால் அரசன் அவருக்கு இந்த மலையைக் கொடுத்தான் என்றும், காவிரியின் அழகில் கணவர் மயங்கிவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், அந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று நினைவூட்டுவதாகவும் கற்பனை செய்கிறது. கவிஞரின் விளையாட்டுதான் என்றாலும், ஓர் இடத்தில் குடியேறும் தெய்வத்துக்கு அந்த இடத்து உரிமைக் கணக்கும் பொருந்தும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

ஆவணத்தில் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பெயருக்கு உரியவர் இவரே என்று காட்டவும் வேண்டும். தெய்வத்தின் வகையில் இது எத்தனை பெரிய சிக்கல் என்பதற்குத் திருவரங்கத்தின் வரலாற்றை விடத் தக்க சான்று கிடைப்பது அரிது. 1323-இல் தில்லிப் படை தெற்கே வந்தபோது உற்சவத் திருமேனியான அழகிய மணவாளரைப் பிள்ளை லோகாசாரியர் உள்ளிட்டோர் மறைத்து எடுத்துச் சென்றனர். ஆசாரியர் மதுரையை அடுத்த சோதிஷ்குடியில் காலமானார். திருமேனி திருமலையிலும் பின்னர் செஞ்சிப் பகுதியிலும் இருந்து, விசயநகரப் பேரரசின் அதிகாரியான கோபணாரியரின் முயற்சியால் 1371-இல் கோயிலுக்குத் திரும்பியது. அதைக் கொண்டாடும் வடமொழிக் கல்வெட்டு கோயிலில் இன்றும் இருக்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் பழைய திருமேனியை நேரில் கண்டவர்கள் அருகிப்போயிருந்தனர். இடைக்காலத்தில் வேறொரு திருமேனியும் எழுந்தருளப் பண்ணப்பட்டிருந்தது. எது பழைய உடையவர் என்ற வழக்கை, கோயில் வரலாறு கூறும் கோயிலொழுகின்படி, பெருமாளின் ஈர உடைகளை வெளுத்துவந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், பார்வையை இழந்த நிலையில், திருமஞ்சன நீரின் மணத்தைக் கொண்டு தீர்த்துவைத்தார். நம்பெருமாள் என்ற திருப்பெயரும் அவர் வாயிலிருந்தே பிறந்தது என்பர்.

இந்த நிகழ்வைச் சட்டத்தின் பார்வையோடு ஒப்பிட்டால், இரண்டு தத்துவங்களும் எங்கே பிரிகின்றன என்பது துலங்கும். 2019-இல் அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டப்பூர்வமான ஆள்தன்மை கல்லிலோ உலோகத்திலோ இல்லை, அறநோக்கத்திலேயே இருக்கிறது என்ற பழைய கொள்கையை மீண்டும் கூறியது. சிலை சிதைந்தாலும் அறக்கட்டளை அழியாது என்பது அதன் விளைவு. அதே தீர்ப்பு நிலத்தையே ஒரு நபராகக் கொள்ள மறுத்தது என்பதும் கருதத்தக்கது. இந்தக் கொள்கைப்படி 1323-க்கும் 1371-க்கும் இடையில் திருவிடையாட்ட நிலங்களின் உடைமைக்கு ஊறு ஏதும் இல்லை. எந்தத் திருமேனி உள்ளே இருந்தாலும் நோக்கம் ஒன்றே. ஈரங்கொல்லிக்கோ அது போதவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது நோக்கத்தின் தொடர்ச்சி அல்ல, இந்தத் திருமேனி, இந்த மணம், தான் கைதொட்டு வெளுத்த ஆடைக்கு உரியவர். சட்டத்தின் விடை நிலத்தைக் காப்பதற்கு மிகப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தெய்வம் ஒரு நோக்கம் மட்டுமே என்றால் அதற்குத் தாலாட்டுப் பாடவும் போர்வை சாத்தவும் எவரும் முன்வரமாட்டார்கள். அப்படி முன்வந்தவர்கள் இருந்ததனால்தான் காக்கப்பட வேண்டிய நிலமும் சேர்ந்தது. இடத்தின் மேல் தெய்வத்துக்கு ஒரு விருப்பம் உண்டு என்பதைப் பிரிவி கவுன்சிலும் ஒரு முறை ஒப்புக்கொண்டது: 1925-இல் கொல்கத்தாவின் மல்லிக் குடும்ப வழக்கில், குடும்பத் தெய்வத்தை ஒருவர் தன் இல்லத்துக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்கப்பட்டபோது, தெய்வம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பத்துக்கு மதிப்பளிக்க வேண்டும், அதை எடுத்துரைக்கச் சார்பற்ற ஒருவர் அமர்த்தப்பட வேண்டும் என்று அந்த அவை கூறியது.

ஓர் ஊரின் விதி ஊர் எல்லையைத் தாண்டியும் மதிக்கப்படலாம் என்பதற்குப் பத்தூர் நடராசர் வழக்கு சான்றாகிறது. சோழநாட்டுப் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து இலண்டனைச் சென்றடைந்த செப்புத் திருமேனியை மீட்க நடந்த வழக்கில், 1991-இல் ஆங்கிலேய மேல்முறையீட்டு மன்றம், ஒரு கோயில் தானே வழக்காடும் நபராவதை இங்கிலாந்துச் சட்டம் அறியாவிட்டாலும், அது அமைந்துள்ள நாட்டின் சட்டம் அதை ஆளாக ஏற்பதால் இங்கிலாந்திலும் ஏற்கப்படும் என்று முடிவுசெய்தது. இடிந்துபோய் வழிபாடு நின்றிருந்த ஒரு சிற்றூர்க் கோயில் தேம்ஸ் கரையில் வழக்காடி வென்றது.

தமிழ்நாட்டின் தனிவிதிகளுக்கு இப்போது வரலாம். 1817-ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குவிதி, 1863-ஆம் ஆண்டின் சமய அறக்கட்டளைச் சட்டம், 1927, 1951 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் என்று நீண்டு வந்த வரிசையின் இன்றைய வடிவம் 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 34-ஆம் பிரிவின்படி, கோயிலுக்குச் சொந்தமான அசையாச் சொத்தைப் பரிமாற்றம், விற்பனை, அடைமானம் செய்வதும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும், அது நிறுவனத்துக்குத் தேவையானது அல்லது நன்மை தருவது என்று ஆணையர் ஒப்புதல் அளித்தாலன்றிச் செல்லாது. ஒப்புதலுக்கு முன் விவரங்களை வெளியிட்டு மறுப்புகளைக் கேட்க வேண்டும். பொதுவான காலவரையறைச் சட்டத்தின்படி, நெடுங்காலம் எதிரிடையாக நிலத்தைக் கைப்பற்றி அனுபவித்தவரிடமிருந்து உரிமையாளர் அதை மீட்க முடியாமல் போகும். கோயில் நிலத்தை மீட்கும் வழக்குக்கு அந்தக் காலவரையறை பொருந்தாது என்கிறது திருத்தப்பட்ட 109-ஆம் பிரிவு. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்துள்ள 22-அ பிரிவு, உரிய அனுமதி இல்லாத கோயில் நிலப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவுசெய்யாமல் மறுக்க வேண்டும் என்கிறது. நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1921 முதல் அடிமனையில் சொந்தமாகக் கட்டடம் எழுப்பிய குடியிருப்போருக்கு அந்த மனையை வாங்கும் உரிமையை அளித்துவந்தது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில் நிலங்களை அதிலிருந்து விலக்கியது, 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை நிலைநிறுத்தியது. சந்திராதித்தவரை என்று கல்லில் வெட்டியவர்கள் விரும்பியதை, சாபத்தின் துணையின்றி, காலவரையறைச் சட்டத்தை விலக்கிவைக்கும் ஒரே வரியால் இந்த மாநிலம் எழுதிக்கொண்டுவிட்டது.

இந்த ஏற்பாடு இந்துக் கோயில்களுக்கு மட்டும் மாநிலம்தோறும் வேறுபடுகிறது என்பது திருச்சிராப்பள்ளி நகரத்துக்குள்ளேயே தெரியும். நத்தர் வலி தர்காவைப் போன்ற வக்பு நிலையங்களை ஆள்வது நாடு முழுவதற்கும் பொதுவான நடுவண் சட்டம். வக்பு செய்யப்பட்ட சொத்தின் உடைமை இறைவனைச் சேர்கிறது என்று இசுலாமியச் சட்ட அறிஞர்களான அபூ யூசுபும் முகம்மதும் கொண்டனர். அவர்களின் ஆசிரியரான அபூ ஹனீபா, உடைமை கொடுத்தவரிடமே தங்குகிறது, பயன் மட்டுமே அறத்துக்குச் செல்கிறது என்று கருதினார். சபரருக்கும் இராமாநுசருக்கும் இடையில் காணப்படும் பிளவுக்கு இணையான ஒன்று, முற்றிலும் வேறான மரபில், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் நிகழ்ந்திருக்கிறது.

திருவரங்கத்தில் இந்தத் தனிவிதிகள் ஏட்டளவில் நிற்கவில்லை. ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகள் தெருக்களாகவே இருக்கும் ஊரில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீடுகளின் கட்டடம் குடியிருப்போருடையது, அடிமனை அரங்கனுடையது என்ற கோயிலின் கோரிக்கையும், மனையும் தங்களுடையதே என்ற குடும்பங்களின் மறுப்பும் நெடுநாளாக மோதிவருகின்றன. பத்திரப்பதிவு தடைப்பட்டதால் வீட்டை விற்கவோ, அதன் பேரில் கடன் பெறவோ இயலாத குடும்பங்களின் குறை தேர்தல்தோறும் எழுகிறது. இதில் ஒரு பக்கத்தை மட்டும் வில்லனாக்குவது எளிது, ஆனால் நேர்மையாகாது. கோயில் நிலங்கள் பெயர் மாறி மறைந்துபோனதைக் கண்ட சட்டமன்றம் கடுமையான விதி செய்ததில் நியாயம் உண்டு. அடியவர் குடும்பங்கள் பெருமாளின் தெருவிலேயே அயலாராக ஆக்கப்படுவதாக உணர்வதிலும் நியாயம் உண்டு.

இங்கே 34-ஆம் பிரிவின் அளவுகோலைச் சமயத்தின் கண்கொண்டு பார்ப்பது பயன்தரும். நிறுவனத்துக்குத் தேவையா, நன்மை தருமா என்று அது கேட்கிறது. அரங்கனோ அவாப்த சமஸ்த காமன், அதாவது அடைய வேண்டியது எதுவும் எஞ்சாதவன். அவனுக்குத் தேவை என்று ஒன்றைக் காட்ட முடியாது. எனவே ஆணையர் அளக்கக்கூடியது விளக்குக்கும் அமுதுக்கும் திருப்பணிக்கும் வேண்டிய வருவாயைத்தான். அதை அளப்பதில் பிழையில்லை, கல்வெட்டு எழுதியோரும் நெய்யை உழக்கால் அளந்தவர்களே. ஆனால் நன்மை என்பதை வருவாயோடு நிறுத்த அந்த மரபு இடம்கொடாது. பகவானுக்கு இழைக்கும் குற்றத்தை விட அவன் அடியாருக்கு இழைக்கும் குற்றம், பாகவத அபசாரம், கொடியது என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் வலியுறுத்துகிறார். திருமேனியைத் தோளில் சுமந்து சென்று வழியிலேயே உயிர்விட்டவரின் சொல் அது என்பதால், கோயில் சொத்தின் மேல் அக்கறையற்றவர் சொன்னது என்று எவரும் தள்ளிவிட முடியாது. அந்த அளவுகோலை ஒப்புக்கொண்டால், அடிமனை பற்றிய மனு ஒன்றில் அறங்காவலர் காட்ட வேண்டியது இரண்டாகும்: விலையோ வாடகையோ கோயிலுக்கு நட்டமின்றி வருகிறது என்பது ஒன்று, அந்தத் தெருவில் வாழும் அடியார் குடி அந்த ஏற்பாட்டால் கலையவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்கும் சொல் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிப்படையாக இல்லை. விவரங்களை வெளியிட்டு மறுப்புகளைக் கேட்க வேண்டும் என்ற நடைமுறையில் அதற்கான வாயில் மட்டும் திறந்திருக்கிறது. அந்த வாயிலில் வந்து நின்று பேசுபவரை, தெய்வத்தின் எதிர்க்கட்சிக்காரராகக் கொள்வதா, 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தேடியதைப்போல் தெய்வத்தின் விருப்பத்தை எடுத்துரைக்கக்கூடிய இன்னொரு குரலாகக் கொள்வதா என்பதை, மனுவை விசாரிக்கும் அதிகாரியே ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.